பூமியை நோக்கி வரும் சூரிய வெடிப்பு: நேராக வருவதுதான் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை

2024 மே 10, வெள்ளிக்கிழமை. இந்திய நேரப்படி மதியம் 12:24-க்குச் சூரியனில் ஒரு பெரிய வெடிப்பு பதிவானது. அதன் வலு எக்ஸ் 3.9. அன்றிரவு பத்து மணி தாண்டியதும் பூமியின் காந்தப்புலம் தடுமாறத் தொடங்கியது. விடிவதற்குள் புயல் ஜி-5 என்ற உச்ச நிலையைத் தொட்டுவிட்டது. 2003 அக்டோபருக்குப் பிறகு அந்த நிலை வந்ததே இல்லை. லடாக்கின் ஹான்லேயில் இரவு வானம் சிவந்தது கேமராக்களில் பதிவானது. மதியம் வெடித்ததுதான் இரவு வந்து சேர்ந்தது என்று செய்தி படித்த பலரும் நினைத்திருப்பார்கள்.

அப்படி இல்லை. இரண்டும் ஒரே சூரியப் புள்ளிக் கூட்டத்திலிருந்து, அதாவது காந்தப்புலம் வலுத்த கறுப்புத் திட்டுகளின் கூட்டத்திலிருந்து, வந்தவைதான். ஆனால் இரவு வந்து மோதியவை மே 8, 9 தேதிகளிலேயே கிளம்பிவிட்டன. மதியம் வெடித்ததோ, நாம் அதைப் பார்த்த கணத்திலேயே பூமிக்கு வந்து தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் உண்டு. 'சூரிய வெடிப்பு' என்று ஒரே பெயரில் நாம் சொல்வது இரண்டு வெவ்வேறு சமாச்சாரங்களை. ஒன்று ஃபிளேர். அது வெறும் ஒளி: எக்ஸ் கதிர், புற ஊதாக் கதிர், ரேடியோ அலைகள். இன்னொன்று சி.எம்.இ. எனப்படும் கரோனா வெளியேற்றம். அது பொருள்: சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவிலிருந்து பிய்த்துக்கொண்டு கிளம்பும் பிளாஸ்மா, அதாவது மின்னேற்றத் துகள்களின், மேகம். ஒரு பெரிய மேகத்தின் எடை நூறு கோடி டன்னையும் தாண்டும். அது தனியாக வருவதில்லை, தனக்குள் முறுக்கிய காந்தப்புலத்தையும் சுமந்துகொண்டு வருகிறது. பூமியில் புயலைக் கிளப்புவது இந்த இரண்டாவது ஆள்தான்.

ஒளிக்கு 15 கோடி கிலோமீட்டரைக் கடக்க எட்டு நிமிடம் இருபது விநாடி போதும். அதனால் ஃபிளேருக்கு முன்னெச்சரிக்கை என்ற பேச்சுக்கே இடமில்லை. அது வெடித்ததென்று தெரிவிப்பதே அந்த ஒளிதான். பகல் பக்கத்தில் இருக்கும் நாடுகளுக்கு மேலே அயனி மண்டலம் (வளிமண்டலத்தின் உயரே உள்ள மின்னேற்ற அடுக்கு) திடீரென்று அடர்த்தியாகி, குறுஅலை வானொலித் தொடர்பு சில நிமிடங்களோ ஒன்றிரண்டு மணி நேரமோ மங்கிப்போகும். மே 10 மதியம் அந்தப் பகல் பக்கத்தில் இந்தியா இருந்தது.

சி.எம்.இ. அப்படி அவசரப்படுவதில்லை. விநாடிக்கு சில நூறு கிலோமீட்டரிலிருந்து சுமார் 3,000 கிலோமீட்டர் வரை வேகம் பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலானவை வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும். மிக வேகமானவை ஒரு நாளுக்குள் வந்துவிடும். 1859 செப்டம்பர் 1 அன்று இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேரிங்டன் என்ற வானியலாளர் தொலைநோக்கி வழியாகச் சூரிய பிம்பத்தைத் திரையில் விழவைத்து, புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். காலை 11:18-க்குப் புள்ளிக் கூட்டத்துக்கு நடுவே இரண்டு வெண்ணிற ஒளித் திட்டுகள் தோன்றின. சாட்சிக்கு ஆள் கூப்பிட ஓடி, ஒரு நிமிடத்துக்குள் திரும்பி வந்து பார்த்தால் அதற்குள் அவை மங்கிவிட்டன. மொத்தமே ஐந்து நிமிட விவகாரம். அதிலிருந்து பதினேழரை மணி நேரத்தில் பூமியில் புயல் அடித்தது. தந்திக் கம்பிகளில் தீப்பொறி பறந்தது. பம்பாயில் கொலாபா ஆய்வகத்தின் காந்தமானி காட்டிய பெரிய சரிவை ஆய்வாளர்கள் இன்றும் எடுத்து வைத்துக் கணக்குப் போடுகிறார்கள்.

சரி, அன்று கேரிங்டனுக்குக் கிடைத்தது ஒரு வெளிச்சம் மட்டும்தான். இன்று நமக்கு என்னென்ன கிடைக்கிறது?

முதலில் ஒரு வரைபடம். அமெரிக்காவின் கோஸ் செயற்கைக்கோள்கள் சூரியனின் எக்ஸ் கதிர் அளவை இடைவிடாமல் பதிவு செய்கின்றன. அந்தக் கோடு ஏறும் உயரத்தை வைத்து ஃபிளேர்களை ஏ, பி, சி, எம், எக்ஸ் என்று பிரிக்கிறார்கள். ஒவ்வொரு எழுத்தும் முந்தையதைப் போலப் பத்து மடங்கு. எக்ஸ் 1 என்றால் சதுர மீட்டருக்கு ஒரு வாட்டில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சூரியனிடமிருந்து பூமிக்கு வரும் மொத்த ஆற்றல் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,361 வாட். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எக்ஸ் வகை ஃபிளேர் வெடிக்கும்போது நமக்கு வெயில் கூடினாற்போல ஏன் தோன்றுவதே இல்லை என்பது புரிந்துவிடும்.

அந்த வரைபடத்தில் உயரத்தைப் பார்ப்பவர்கள்தான் அதிகம். நான் முதலில் பார்ப்பது கோடு இறங்கும் விதத்தை. சில நிமிடங்களில் விர்ரென்று ஏறி, அதே வேகத்தில் இறங்கிவிட்டால் பெரும்பாலும் அது வெறும் ஒளியோடு முடிந்த கதை. ஏறிய பிறகு மணிக்கணக்கில் மெல்ல மெல்லச் சரிந்தால், மேலே காந்தப்புலம் கிழிந்து எதையோ வெளியே தள்ளியிருக்க வாய்ப்பு அதிகம். வாய்ப்புதான், உறுதி இல்லை. 2014 அக்டோபரில் 12192 என்று எண்ணிட்ட ராட்சதப் புள்ளிக் கூட்டம் ஒன்று பூமியைப் பார்த்தபடி கடந்து போனது. ஆறு எக்ஸ் வகை ஃபிளேர்கள் வெடித்தன. அக்டோபர் 24 அன்று வெடித்தது எக்ஸ் 3.1. அதிலிருந்து ஒரு மேகம்கூடக் கிளம்பவில்லை. மேலே படிந்திருந்த வலுவான காந்தப்புலம் எல்லாவற்றையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். எழுத்தையும் எண்ணையும் மட்டும் பார்த்து 'பூமிக்கு ஆபத்து' என்று தலைப்பு வைப்பவர்கள் இந்த ஒரு உதாரணத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

மேகம் கிளம்பியதா என்று பார்க்க வேறு கருவி வேண்டும். கரோனாவின் வெளிச்சம் சூரிய வட்டத்தின் வெளிச்சத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். அதனால் வட்டத்தை ஒரு தட்டால் மறைத்துவிட்டு, சுற்றியிருப்பதை மட்டும் படம் பிடிக்கிறார்கள். எப்போதும் நீடிக்கிற செயற்கைக் கிரகணம் என்று வைத்துக்கொள்ளலாம். கருவியின் பெயர் கரோனாகிராஃப். 1995 டிசம்பரில் ஏவிய சோஹோ விண்கலத்தில் உள்ள லாஸ்கோ கருவிதான் இவற்றில் பிரபலம். அந்த விண்கலம் பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி, பூமியோடு சேர்ந்தே சூரியனைச் சுற்றிவர வசதியான எல்-1 புள்ளியருகே நின்று, ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாகப் படம் அனுப்பிக்கொண்டிருக்கிறது.

லாஸ்கோவின் படங்கள் இணையத்தில் யாருக்கும் கிடைக்கும். இரண்டு வகை வரும். செம்மஞ்சள் நிறத்தில் இருப்பது சி-2, சூரியனை ஒட்டிய பகுதி. நீல நிறத்தில் இருப்பது சி-3, சூரியனின் ஆரத்தைப் போல 30 மடங்கு தூரம் வரை காட்டும். நடுவே தெரியும் வெள்ளை வளையம் சூரியனின் உண்மையான அளவு. அதைச் சுற்றியுள்ள பெரிய வட்டம் மறைக்கும் தட்டு. சி-3 படத்தில் ஒரு மூலையிலிருந்து நடுவுக்கு ஓடும் கறுப்புப் பட்டை, அந்தத் தட்டைத் தாங்கும் கை. முதன்முறை பார்ப்பவர்கள் அதைக் கண்டு மிரள வேண்டியதில்லை. பக்கவாட்டில் கிடைக்கோடு நீண்ட பளிச்சென்ற புள்ளி தெரிந்தால் அது பெரும்பாலும் ஒரு கோள். அதிக வெளிச்சம் உணரியில் வழிவதால்தான் அந்தக் கோடு.

படங்களை அடுத்தடுத்து ஓடவிட்டால் சி.எம்.இ. தானாகத் தெரியும். சூரியனின் விளிம்பிலிருந்து ஒரு குமிழ் கிளம்பி, வீங்கிக்கொண்டே வெளியே போகும். முன்னால் பளிச்சென்ற வளைவு, உள்ளே இருண்ட வெற்றிடம், அதற்குள் மறுபடி ஒரு பிரகாசமான கரு. அழகான படம். ஆனால் இப்படி அழகாகத் தெரியும் மேகம் நமக்கு வராது. வலப்பக்கமோ இடப்பக்கமோ போகிறது என்பதால்தான் அதன் பக்கவாட்டு உருவம் நமக்குத் தெரிகிறது.

நமக்கு நேராக வருவது எப்படி இருக்கும்? கிரிக்கெட்டில் ஃபீல்டிங் செய்தவர்களுக்கு இது தெரியும். பக்கத்தில் பறக்கும் பந்தின் வேகத்தை எளிதாகக் கணித்துவிடலாம். நேராக நெற்றியைப் பார்த்து வரும் பந்தோ, வருகிறதா நிற்கிறதா என்றே சட்டென்று பிடிபடாது. மெல்லப் பெரிதாவது மட்டும்தான் அடையாளம். சி.எம்.இ.-யும் அப்படித்தான். தட்டைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு மங்கலான வளையம் தோன்றி, விரிந்து விரிந்து கரைந்துபோகும். இதை ஹாலோ என்கிறார்கள். 1979 நவம்பர் 27 அன்று சோல்விண்ட் என்ற கரோனாகிராஃப்தான் முதன்முதலில் இப்படி ஒன்றைப் பதிவு செய்தது. பெரிய குமிழ்களைவிட இந்தச் சோகையான வளையம்தான் நம் விஷயத்தில் முக்கியம். பழகாத கண் அதைத் தவறவிட்டுவிடும். அதனால் ஒரு படத்திலிருந்து முந்தைய படத்தைக் கழித்து, மாறியதை மட்டும் கறுப்பு வெள்ளையாகக் காட்டும் படங்களையும் வெளியிடுகிறார்கள்.

வளையம் தெரிந்துவிட்டது என்பதற்காக நமக்குத்தான் வருகிறது என்று முடிவுகட்டிவிட முடியாது. சூரியனின் மறுபக்கத்தில் வெடித்து, நம்மைவிட்டு நேர் எதிர்த் திசையில் போகும் மேகமும் இதே மாதிரி வளையமாகத்தான் தெரியும். கரோனாகிராஃப் சூரிய வட்டத்தை மறைத்துவிடுகிறதே, முன்பக்கமா பின்பக்கமா என்று அதனால் எப்படிச் சொல்ல முடியும்?

அதற்கு சூரிய முகத்தைப் பார்க்கும் இன்னொரு கண் வேண்டும். 2010-இல் ஏவிய எஸ்.டி.ஓ. விண்கலம் புற ஊதா அலைநீளங்களில் 12 விநாடிக்கு ஒருமுறை முழுச் சூரியனையும் படம் பிடிக்கிறது. முன்பக்கத்தில் வெடித்திருந்தால் பெரும்பாலும் தடயம் இருக்கும்: மேகம் பிய்த்துக்கொண்டு போன இடம் இருண்டு கிடக்கும், அந்த இடத்திலிருந்து ஓர் அலை வட்டமாக ஓடும், பிறகு வரிசையாக வளைவுகள் ஒளிரும். தடயமே இல்லையென்றால் பின்பக்க விவகாரம் என்று பெரும்பாலும் விட்டுவிடலாம். தரையிலிருந்தும் ஒரு தடயத்தைப் பிடிக்கலாம். எச்-ஆல்பா என்ற சிவப்பு ஒளியில் பார்த்தால் சூரிய முகத்தில் கறுப்பு நூல்போல நீண்ட இழைகள் கிடக்கும். நேற்று இருந்த இழை இன்று காணாமல்போயிருந்தால் அது வெடித்துக் கிளம்பியிருக்கலாம். ஃபிளேரே இல்லாமலும் இப்படி நடக்கும். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் இந்த மாதிரிப் படங்களை நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

வெடித்த இடமும் முக்கியம். சூரிய வட்டத்தின் நடுவில் வெடித்தால் மேகம் நமக்கு நேராக வர வாய்ப்பு அதிகம். கிழக்கு விளிம்பில் வெடித்தால் பெரும்பாலும் விலகிப் போய்விடும். மேற்கு பக்கத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. சூரியன் சுழல்வதால் அதன் காந்தக் கோடுகள் விண்வெளியில் சுருளாக வளைந்துதான் பூமியை அடைகின்றன. அதனால் மேற்குப் பக்கத்தில் வெடித்தால் மேகம் வராவிட்டாலும், அதிவேகப் புரோட்டான்கள் அந்த வளைந்த கோட்டைப் பிடித்துக்கொண்டு சில சமயம் அரை மணி நேரத்திலேயே வந்துவிடும். அவை லாஸ்கோவின் உணரியிலேயே வந்து மோதும்போது படம் முழுக்க வெள்ளைப் புள்ளிகள் கொட்டும். படம் கெட்டுப்போய்விட்டதே என்று தோன்றும். அந்தக் கெட்டுப்போன படமே ஒரு செய்தி.

2024 மே மாதக் கூட்டம், அதன் எண் 13664, இடத்தின் முக்கியத்துவத்தைத் தெளிவாகக் காட்டியது. அகலம் பூமியைப் போலச் சுமார் 15 மடங்கு. சூரியனின் நடுப்பகுதி வழியாகக் கடந்தபோது எக்ஸ் 1, எக்ஸ் 2 அளவில் வெடித்தவையே பெரும் புயலுக்கான மேகங்களை அனுப்பின. மே 14 அன்று, மேற்கு விளிம்புக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, எக்ஸ் 8.7 வெடித்தது. சூரியனின் அந்தப் பதினோரு ஆண்டுச் சுழற்சியில் அதுவரை பதிவானவற்றில் அதுவே பெரியது. பூமிக்கு அதனால் பெரிய புயல் ஏதும் வரவில்லை.

அடுத்த கேள்வி: எப்போது வரும்? இங்கேதான் நேராக வருவதன் தொந்தரவு முழுசாகத் தெரிகிறது. வளையம் விரியும் வேகத்தை அளக்கலாம். ஆனால் அது மேகம் பக்கவாட்டில் வீங்கும் வேகம். நம்மை நோக்கி வரும் வேகம் படத்தில் இல்லவே இல்லை. மேகத்தை ஒரு கூம்பாகக் கற்பனை செய்து, கோணத்தை ஊகித்து, கணினி மாதிரியில் போட்டு நேரம் கணிக்கிறார்கள். கணிப்பு சராசரியாகப் பத்து மணி நேரம் முன்பின் ஆகும். போதாக்குறைக்கு மே 2024-இல் ஒன்றன்பின் ஒன்றாகக் குறைந்தது ஐந்து மேகங்கள் கிளம்பின. பின்னால் கிளம்பிய வேகமானது முன்னால் போனதைப் பிடித்து விழுங்கிவிடும், இரண்டும் சேர்ந்து கனமாகிவிடும்.

இதற்கு ஒரே நல்ல வழி பக்கத்தில் போய் நின்று பார்ப்பது. 2006-இல் நாசா ஸ்டீரியோ என்ற இரட்டை விண்கலங்களை ஏவியது அதற்காகத்தான். ஒன்று பூமிக்கு முன்னால், ஒன்று பின்னால் என்று விலகிப்போய், நமக்கு வளையமாகத் தெரிவதைப் பக்கவாட்டுக் குமிழாகக் காட்டின. அதில் ஒன்றின் தொடர்பு 2014 அக்டோபரில் அறுந்துபோனது. மற்றது 2012 ஜூலை 23 அன்று ஒரு பயங்கரத்தைப் பதிவு செய்தது. பூமி இல்லாத திசையில் கிளம்பிய ராட்சத மேகம் ஒன்று அந்த விண்கலத்தின் மேலேயே சுமார் 19 மணி நேரத்தில் வந்து மோதியது. சூரியன் சுழலும் கணக்கில் ஒரு வாரம் போல முன்னதாக வெடித்திருந்தால் பூமி அந்த வழியில் இருந்திருக்கும். ஐரோப்பிய விண்வெளி முகமை விஜில் என்ற விண்கலத்தை 2031-இல் ஏவ, பூமிக்கு 60 டிகிரி பின்னால் எல்-5 புள்ளியில் நிரந்தரமாக நிறுத்தத் திட்டமிட்டிருக்கிறது. என்னைக் கேட்டால், பத்து புதிய கரோனாகிராஃப்களை நேர்க்கோட்டிலேயே நிறுத்துவதைவிட இந்த ஒன்று பக்கத்தில் நிற்பது மேல்.

பக்கத்தில் நின்றாலும் தெரியாத ஒன்று இருக்கிறது. மேகத்துக்குள் இருக்கும் காந்தப்புலம் எந்தத் திசையில் இருக்கிறது?

பூமியின் காந்தப்புலம், சூரியனைப் பார்த்த பக்கத்து எல்லையில், வடக்கு நோக்கி இருக்கும். வரும் மேகத்தின் புலமும் வடக்கு நோக்கி இருந்தால் பெரும்பாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். தெற்கு நோக்கி இருந்தால் இரண்டு புலங்களின் கோடுகளும் அறுந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கதவு திறந்து ஆற்றல் உள்ளே கொட்டும். அதாவது ஒரே எடை, ஒரே வேகம் கொண்ட இரண்டு மேகங்களில் ஒன்று ஒன்றுமே செய்யாமல் போகலாம், மற்றது ஊரை இருட்டாக்கலாம். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேருக்கு மின்சாரம் போனது. மின்கட்டமைப்பு சரிய எடுத்துக்கொண்டது சுமார் 90 விநாடி. மீள ஒன்பது மணி நேரம்.

இந்தத் திசையை எந்தப் படத்திலும் பார்க்க முடியாது. மேகம் ஒரு விண்கலத்தின் மேல் வந்து மோத வேண்டும், அதன் காந்தமானி சொல்ல வேண்டும். அந்த விண்கலங்கள் நிற்பது எல்-1 புள்ளியில். மேகம் விநாடிக்கு 800 கிலோமீட்டரில் வந்தால் அங்கிருந்து பூமிக்கு 31 நிமிடம். இரண்டு நாள் முன்பே கிளம்பியதைப் பார்த்துவிட்டோம், ஆனால் அது என்ன செய்யும் என்பது கடைசி அரை மணி நேரத்தில்தான் தெரியும். மே 2024-இல் அமெரிக்க விண்வானிலை மையம் 2005 ஜனவரிக்குப் பிறகு முதன்முறையாக ஜி-4 முன்னறிவிப்பு விடுத்தது. வரும் நேரத்தையும் பெரும்பாலும் சரியாகவே சொன்னது. வந்ததோ ஜி-5. சாதாரண நாளில் 5 நானோ டெஸ்லா போல இருக்கும் சூரியக் காற்றின் காந்தப்புலம் அன்று தெற்கு நோக்கி 50 நானோ டெஸ்லா வரை போனது. அதை முன்கூட்டிச் சொல்ல யாரிடமும் கருவி இல்லை. அமெரிக்காவில் விதைப்பு நேரத்தில் ஜி.பி.எஸ். வழிகாட்டும் டிராக்டர்கள் வரிசை பிடிக்க முடியாமல் நின்றன.

நம் ஆதித்யா எல்-1 இருப்பதும் அதே இடத்தில்தான். 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6-ஆம் தேதி அங்கே போய்ச் சேர்ந்தது. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, செங்கோட்டைக்காரர். கலத்தில் ஏழு கருவிகள். ஃபிளேர்களின் எக்ஸ் கதிர்களை அளக்க இரண்டு, புற ஊதாவில் சூரிய முகத்தைப் பார்க்க ஒன்று, கரோனாகிராஃப் ஒன்று, வந்து மோதும் துகள்களையும் காந்தப்புலத்தையும் அளக்க மூன்று. மேலே சொன்ன எல்லா வேலைக்கும் ஒவ்வொரு ஆள் என்று வைத்தாற்போன்ற தேர்வு. அதன் வி.இ.எல்.சி. கரோனாகிராஃப், லாஸ்கோ மறைத்துவிடுகிற, சூரிய விளிம்பை ஒட்டிய பகுதியையே பார்ப்பதற்காகச் செய்தது. செய்தவர்கள் கொடைக்கானல் ஆய்வகத்தை நடத்தும் அதே இந்திய வானியற்பியல் நிறுவனத்தார்.

நீங்களே பார்க்க ஆசையென்றால், ஃபிளேர் வெறும் கண்ணுக்குச் சிக்காது. கேரிங்டன் பார்த்த மாதிரி வெண்ணொளியில் தெரிவது அபூர்வம். பெரிய சூரியப் புள்ளிகளைப் பார்க்கலாம். 13664 கூட்டத்தைக் கிரகணக் கண்ணாடி மட்டும் போட்டுக்கொண்டே பார்க்க முடிந்தது. கறுப்புக் கண்ணாடி, எக்ஸ்ரே படலம், புகை படிந்த கண்ணாடி எதுவும் உதவாது. கிரகணக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பைனாகுலரில் கண் வைப்பதும் கூடாது. குவிந்த ஒளி அந்தத் தாளைப் பொசுக்கிவிட்டுக் கண்ணுக்குள் போகும்.

அப்புறம், லாஸ்கோ படங்களை ஓடவிட்டுப் பாருங்கள். வளையம் எதுவும் சிக்காவிட்டாலும் நேரம் வீணாகாது. சூரியனை உரசிக்கொண்டு போகும் குட்டி வால்மீன்கள் அதில் அடிக்கடி தென்படும். சோஹோ படங்களில் இதுவரை 5,000-க்கும் மேற்பட்ட வால்மீன்கள் கண்டுபிடிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்தவர்கள் வீட்டிலிருந்தபடி அந்தப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த ஆர்வலர்கள்.